ஒன்றே முக்கால் நிமிடம்

பார்க்கைப் பற்றி மட்டும் உங்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை மாடிக்கு அனுப்பியிருக்கிறாள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பஜ்ஜி எடுத்துக்கொள்ளுங்கள். வாழைக்காய்தான். வேண்டாமா? கூச்சப்படாதீர்கள். எங்கள் வீட்டில் கூச்சப்படுகிறவள் நான் ஒருத்திதான், அதுவும் ஊர் சொல்வது.

கீழே உங்கள் அப்பா, "பையனும் பொண்ணும் பத்து நிமிஷம் தனியாப் பேசட்டும்" என்றபோது எல்லோரும் சிரித்தார்களே, கவனித்தீர்களா? பத்து நிமிடத்தில் இந்தப் பெண் என்ன பேசிவிடப் போகிறது என்கிற சிரிப்பு. நான் அதிகம் பேசாதவள்தான். எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில்கூட எங்கள் துறைத் தலைவர், "நிறைமதி, பதில் தெரியும்னு உன் முகத்துல தெரியுது. அதை அப்படியே வாயால சொல்லிட்டா நாம எல்லாரும் சாப்பிடப் போகலாம்" என்றார். ஆனால் பேசாதவள் என்றால் சொல்ல ஒன்றும் இல்லாதவள் என்று அர்த்தமா?

நீங்கள்தான் கேட்டீர்கள். மாடிப்படி ஏறும்போதே, "முன்னாடி ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சாமே, ஏன்னு கேட்கலாமா?" என்று கேட்டீர்கள். கேட்கலாமா என்று கேட்டது எனக்குப் பிடித்தது. ஜாதகத்தில் ஏதோ பிசகு என்று தரகர் உங்களிடம் சொல்லியிருப்பார். சொந்தக்காரர்களுக்கு அம்மா சொல்லியிருப்பதும் அதுதான். ஜாதகத்துக்கு வாயில்லை, எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். உண்மை என்னவென்றால், நான் ஒரு ரோலர் கோஸ்டரில் இருந்து இறங்கிவிட்டேன். ஓடி முடிந்த பிறகு இல்லை. கிளம்புவதற்கு முன்னால்.

அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கீழே போய் வேண்டாம் என்று சொன்னால், அம்மா என்னோடு ஒரு மாதம் பேசமாட்டாள். எனக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. இந்த வரனைக் கொண்டுவர அம்மா ஏழு மாதம் அலைந்திருக்கிறாள். எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அவர் பெயர் யுகேந்திரன். திருச்சி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் அம்மாவும் கல்யாணமான ஓர் அக்காவும். அப்பா இல்லை. பெண் பார்க்க இதே வீட்டுக்குத்தான் வந்தார்கள். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன். "பொண்ணுக்குப் பிடிச்சிருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். என்னை இல்லை, அம்மாவை. நான் குனிந்திருந்தேன். தட்டில் ஒரு டம்ளர் விளிம்பு வரை ததும்பிக்கொண்டிருந்தது, அது சிந்திவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த வெட்கத்தைப் பாருங்க, இதுக்கு மேல என்ன பதில் வேணும்?" என்றார் அவருடைய அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

பிடித்திருந்ததா என்றா கேட்கிறீர்கள்? பிடித்திருந்தது. பிடிக்காமல் போக ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டு நடந்த காரியம் இல்லை அது, அதைத்தான் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கிற இடம் உங்களுக்குத் தெரியுமே, பைபாஸ் பக்கம் பால் கம்பெனி. காலையில் டேங்கர் லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று சீட்டில் எழுதுவது என் வேலை. புளிப்பு ஏறியிருந்தால் எட்டாயிரம் லிட்டரும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "மேடம், நானே ஒரு டம்ளர் குடிச்சுப் பார்த்தேன், கல்கண்டு மாதிரி இருக்கு" என்பார்கள். நான் ஒன்றும் பேசமாட்டேன். சீட்டை நீட்டுவேன். லாரி திரும்பிவிடும். அங்கே ஒருவர்கூட, இந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்று நினைத்ததில்லை.

சரி, பார்க்.

நிச்சயம் முடிந்து மூன்றாவது வாரம் அத்தை போன் செய்தார். அவருடைய அம்மாவை அத்தை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அப்படியே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அவர் என் அம்மாவிடம், "சம்பந்தி, பொண்ணு ரொம்பக் கூச்சப்படுது. எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கூச்சம் தெளியட்டும். நாலு வழிச் சாலையில புதுசா பார்க் திறந்திருக்கான். எங்க மருமகன் ஆபீஸ்ல பாஸ் குடுத்திருக்காங்க. ஒருநாள் அனுப்பிவைங்க" என்றார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே மருமகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற மாமியார் யாருக்குக் கிடைக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா என்று கேட்காதீர்கள்.

ரைடு என்றால் எனக்குப் பயம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. பயம் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பத்து வயதில் பொருட்காட்சியில் பெரிய ராட்டினத்தில் ஏறினேன். அழவில்லை, கத்தவில்லை. நான் கீழே வரும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றது. இறங்கி வந்து, இது எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான். பாகற்காய் பிடிக்காது என்று ஒருவர் சொன்னால், பாகற்காயைப் பார்த்து அவ்வளவு பயமா என்று யாராவது கேட்கிறார்களா?

காரில் நான்கு பேர். யுகேந்திரன் ஓட்டினார். முன்னால் அத்தை. பின்னால் நானும் அண்ணியும். அண்ணி என்றால் அவருடைய அக்கா, அனுராதா. அத்தை சுடிதார் போட்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் சுடிதார். "உங்க மாமா இருந்த வரைக்கும் இதையெல்லாம் கடையிலகூடத் தொட்டுப் பார்த்தது கிடையாது" என்று துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை.

வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. அத்தை புளியோதரையைத் துண்டில் சுற்றி, அதன் மேல் மாற்றுத் துணி வைத்து, அதன் மேல் ஒரு மாத்திரை டப்பாவும் வைத்திருந்தார். காவலாளி பையைத் திறந்தார். "என்னம்மா இது, புளி வாசனை வருது?" "எனக்குச் சுகர் தம்பி. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா இங்கேயே விழுந்துடுவேன். அப்புறம் நீதான் தூக்கணும்." அவர் அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அத்தைக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவர் அப்படி. எதற்கும் வேண்டாம் என்ற பதிலை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறவர் இல்லை. அன்று காலையில் அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

முதல் ரைடு, கப்பல் மாதிரி ஒன்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊஞ்சல் ஆடுவது. "வா கண்ணு" என்றார் அத்தை. "வேண்டாம் அத்தை, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்றேன். "கூச்சப்படாத." "கூச்சம் இல்லை அத்தை, எனக்குப் பிடிக்காது." "பிடிக்காதுன்னா? ஏறினாத்தான பிடிக்குதா இல்லையான்னு தெரியும்!" அண்ணி பக்கத்தில் இருந்த பலகையைச் சத்தமாகப் படித்தார். இதய நோயாளிகள், முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்து, "இதுல நீ எந்த லிஸ்ட்டும்மா? முதல் ரெண்டும் இல்லைன்னா எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடு" என்றார். அத்தை, "ஏய் சும்மா இருடி" என்று அவர் முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே சிரித்தார். யுகேந்திரன் சிரிக்கவில்லை. அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடிக்காதவர்கள் ஏற வேண்டாம் என்று ஒரு பலகையிலும் எழுதமாட்டார்கள். வியாதி இருந்தால் விடுவார்கள். வெறுமனே பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோண்டுவார்கள்.

ஆறிப்போகிறது பாருங்கள். ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயா? ஒரு பஜ்ஜியில் என்ன எண்ணெய்? சும்மா எடுங்கள், ஒன்றும் ஆகாது. தட்டில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் வரை நான் பெஞ்சில் இருந்தேன். மடியில் நான்கு பை, மூன்று செல்போன், அத்தையின் கண்ணாடி, அண்ணியின் கைக்கடிகாரம். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. ரைடு முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் முதலில் தலைமுடியைச் சரிசெய்கிறார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்க்கிறார்கள், அதன் பிறகுதான் சிரிக்கிறார்கள். குழந்தைகளுக்கான குட்டி ரயில் ஒன்று பார்க்கைச் சுற்றி வந்தது. நான்கு பையையும் தூக்கிக்கொண்டு அதில் தனியாக இரண்டு சுற்று போனேன். அண்ணி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை ஒவ்வொரு ரைடிலும் ஏறினார். அவர் கத்துகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். கோயிலில் சாமி வந்தவர்கள் கத்துகிற மாதிரி, வயிற்றிலிருந்து. இறங்கி வரும்போது முகமெல்லாம் சிவந்து, வயது பத்து குறைந்து வருவார். "என் பக்கத்துல நீ உட்காரணும் கண்ணு. அதான் எனக்கு ஆசை" என்பார். யுகேந்திரன் ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால் ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வந்தார். தண்ணீர் அதிகம் குடிக்கிறவர் போலிருக்கிறது. திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருப்பார். "எப்படி இருந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டேன். "ஜாலியா இருந்துச்சு" என்றார். என் தண்ணீர் பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாட்டில் முழுக்க அவர் விரல் ஈரம். அவர் என்னை வா என்று கூப்பிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வேண்டாம் என்றால் விடுங்களேன் என்று தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்கு அதுதான் கோபம்.

புளியோதரை சாப்பிட்ட பிறகு அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர். பார்க் வாசலில் இருந்தே தெரியும், மஞ்சள் தண்டவாளம், நடுவில் ஒரு முழு வட்டம். நான் வழக்கம்போலப் பைகளுக்குக் கையை நீட்டினேன். பைகள் இல்லை. அண்ணி எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை என் கண் முன்னால் ஆட்டினார். "இப்ப எதைப் பார்த்துக்குவ?"

வேண்டாம் என்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்பாகத்தான் பிடித்தார். அதுதான் தொல்லை, அன்பாகப் பிடித்தால் உதறவும் முடியாது. "இது ஒண்ணு மட்டும் கண்ணு. ஒண்ணேமுக்கால் நிமிஷம்தானாம், வாசல்ல எழுதியிருக்கான். கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கோ." வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஒன்பது தடவை வேண்டாம் என்றேன். எண்ணிக்கொண்டேதான் வந்தேன். ஒரு வேண்டாமுக்கு, "எல்லாரும் முதல்ல இப்படித்தான்" என்றார்கள். ஒரு வேண்டாமுக்கு, "கல்யாணத்துக்கும் இப்படித்தான் வேண்டாம்பியோ?" என்றார் அண்ணி. ஒரு வேண்டாமுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மா, "புதுப் பொண்ணா? அதான்" என்றார். நம் ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. மூன்றாவது தடவை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் என் ஒன்பது வேண்டாமையும் சேர்த்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம், வரிசையை விட்டு விலகி வந்திருக்கலாமே என்று. வந்திருக்கலாம். அவர் கையைப் பிடித்திருந்தாரே.

ஏற்றிவிட்டார்கள். எனக்கும் அத்தைக்கும் மூன்றாவது வரிசை. எங்களுக்குப் பின்னால் யுகேந்திரனும் அண்ணியும். தோளுக்கு மேலிருந்து இரும்புத் தடுப்பு இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அங்கே ஒரு ஆபரேட்டர், நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் விசில். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்திருப்பார் என்று தோன்றியது, அப்படி ஒரு குரல். ஒவ்வொரு தடுப்பையும் இழுத்துப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் "ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஓகே", "ஓகே", "ஓகே" என்று எல்லோரும் சொன்னார்கள். என் தடுப்பை இழுத்தார். "ஓகேவா?"

"இல்லை" என்றேன்.

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். யாருமே அப்படிச் சொல்லாததால் அவர் காதில் ஓகே என்றே விழுந்திருக்கும். இரண்டு ஆளைத் தாண்டிய பிறகு நின்றார். திரும்பி வந்தார். "என்னம்மா சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன். நான் வரலை. என்னை இறக்கிவிடுங்க."

அத்தை, "அவ சும்மா சொல்றா தம்பி, புதுசு, கூச்சம்" என்றார். அந்த மனிதர் அத்தையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "இறங்கணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சும்மா நின்றார்.

"இறங்கணும்."

விசில் அடித்தார் பாருங்கள்! "ஒரு ஆள் இறங்குது! லாக் எடு!" என்று கத்தினார். எனக்கு அதுவரை தெரியாது, ஒருவருக்கு மட்டும் தடுப்பைத் திறக்க முடியாதாம். திறந்தால் எல்லாம் திறக்கும். இருபத்து நான்கு தடுப்பும் ஒரே நேரத்தில் மேலே போயின. மறுபடி எல்லோருக்கும் பூட்டி, மறுபடி எல்லோரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி முழுக்க "ஓ..." என்று சத்தம். "யம்மா தாயே, இதை வீட்லயே யோசிச்சிருக்கக் கூடாதா?" என்றான் ஒருவன். "டிரைவரைப் பிடிக்கலையாம்டா" என்றான் இன்னொருவன்.

நான் எழுந்தேன். மாலையிட்ட பெண்ணை எல்லோரும் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். யாராவது இரண்டு பேர் பார்த்தாலே காது சூடாகிவிடும் எனக்கு. அன்று சூடாகவில்லை. எட்டாயிரம் லிட்டரைத் திருப்பி அனுப்புகிறவள் இல்லையா?

அப்போது பின் வரிசையில் யுகேந்திரனும் பாதி எழுந்தார். என்னைப் பிடித்து உட்கார வைக்கத்தான். நல்லவேளை, அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ எங்கடா போற? உட்கார்றா" என்று அதட்டினார். உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை, அவ்வளவு கோபம். நான் நேராகப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கினேன். தலைக்கு மேல் தடுப்புகள் மறுபடி பூட்டுகிற சத்தம் கேட்டது.

பசித்தது. ஒரு சோளக்கதிர் வாங்கி, மிளகாய்ப்பொடி தடவச் சொல்லிச் சாப்பிட்டேன். இறங்குகிற வாசலில் ஒரு கடை உண்டு. தலைகீழாகப் போகும்போது எல்லோரையும் படம் எடுத்துத் திரையில் போடுவார்கள், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். அதில் பார்த்தேன். அத்தை வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, பக்கத்தில் என் இடம் காலி, அந்தக் காலி இடத்தின் கம்பியை அத்தையின் கை பிடித்திருந்தது. அண்ணிக்குக் கூந்தல் மட்டும் தெரிந்தது. யுகேந்திரன் கண்ணையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். என் மேல் இருந்த கோபம் தலைகீழாகத் தொங்கும்போதும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில், மணப்பாறை தாண்டிய பிறகு அத்தை திரும்பாமலேயே கேட்டார். "நான் உன்னைக் கட்டாயப்படுத்தலையேம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இல்லை அத்தை என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நாளைக்குச் சிரித்துப் பேசுகிற கதையாகியிருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை.

"படுத்துனீங்க அத்தை" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம். தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "ஒண்ணேமுக்கால் நிமிஷம்டி. கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஊர் உலகத்துல பொம்பளைங்க எதுக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க தெரியுமா உனக்கு?" என்றாள். பக்கத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இல்லை, யுகேந்திரன் கூப்பிடவில்லை. பார்க்குக்குப் போய்வந்த மறுநாள் காலையில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார். "நீங்க எப்படி இறங்கினீங்க?" என்று. எவ்வளவு நக்கல் பாருங்கள்! எப்படி இறங்கினேன் என்றால், படியில்தான் இறங்கினேன். நான் பதில் போடவில்லை.

என்ன? சொல்லுங்கள், எதையோ சொல்ல வந்தீர்கள்.

அவருக்கும் பயமாக இருந்திருக்குமோ என்றா கேட்கிறீர்கள்?

சேச்சே. அவர் எல்லா ரைடிலும் ஏறினாரே. ஜாலியாக இருந்தது என்றாரே, என் காதால் கேட்டேன். பாதி எழுந்தது என்னை உட்கார வைக்கத்தான், வேறு எதற்கு? அக்கா இழுத்தால் உட்கார்ந்துவிட வேண்டுமா முப்பத்தோரு வயது ஆள்?

இருங்கள். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. இதோ. "நீங்க எப்படி இறங்கினீங்க?" கேள்விக்குறி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சிரிக்கிற பொம்மைகூடப் போடவில்லை.

அப்படியே இருந்தாலும், வாய் இருக்கிறதே அவருக்கு? அந்த மனிதர் ஒவ்வொருவரிடமும்தானே ஓகேவா என்று கேட்டுக்கொண்டு வந்தார்? எல்லாத் தடுப்பும்தானே திறந்தது? நான் திறக்க வைத்தேன், அவருக்கும் சேர்த்து. எழுந்து வருவதற்கு என்ன? நான் வரவில்லையா? இனிமேல் நான் உட்கார்ந்து அவருக்காக வருத்தப்பட வேண்டுமா? முடியாது. வருத்தப்படமாட்டேன்.

போனை உள்ளே வைத்துவிடுகிறேன். அதை விடுங்கள்.

அதோ, அம்மா கூப்பிடுகிறாள். "மதி, பேசியாச்சா?" என்கிறாள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. கீழே சிரிப்பு நின்றுவிட்டது, கேட்கிறதா? இந்நேரம் உங்கள் அம்மாவும் என் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். நான் இவ்வளவு பேசியதில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண் சரிப்படாது என்று நினைத்திருந்தால் தாராளமாகக் கீழே போய்ச் சொல்லுங்கள். அம்மா பேசாவிட்டால் ஒரு மாதம்தானே, வீடு அமைதியாக இருக்கும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு. படி இறங்கியதும் எல்லோரும் உங்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் சரி என்றுவிட்டால், உடனே யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொண்ணுக்கும் சம்மதம், வெட்கத்தைப் பாருங்க என்று சொல்லிவிடுவார்கள். தட்டு கைமாறிவிடும்.

அதனால் போவதற்கு முன்னால் நீங்கள் என்னைக் கேட்க வேண்டும். இங்கே, இப்போது. என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. நிஜமாகவே எனக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது. பஜ்ஜியைத் தொடவே இல்லையே என்று கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நடுவில் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதையும் கவனித்தேன். இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்துத்தான் சொல்வேன். நேரமாகும். கேட்டுவிட்டு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அதில் ஆளாளுக்கு ஒன்றைப் படித்துக்கொள்கிறார்கள்.

"இன்னும் முடியலம்மா! அவங்களை இன்னொரு காபி குடிக்கச் சொல்லு!"

ம், கேளுங்கள்.